36 வீடு, ஒரே மீட்டர்: சீட்டா, ப்ரீபெய்டா, அபராதமா, நீர்க்கட்டியா?

எங்கள் குடியிருப்பில் மொத்தம் 36 வீடு. மூன்று பிளாக், பிளாக்குக்குப் பன்னிரண்டு. இத்தனை பேருக்கும் சேர்த்து கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிமென்ட் குழி, அதற்குள் ஒரே ஒரு தண்ணீர் மீட்டர். யார் எவ்வளவு திறந்துவிட்டாலும் பில் ஒன்றாகத்தான் வரும், அது லெவியோடு (மாதாமாதம் கட்டும் பராமரிப்புக் கட்டணம்) சேர்ந்து வீட்டின் பரப்பளவுக் கணக்கில் பிரியும். அதாவது மூன்று படுக்கையறை வீட்டில் தனியாக இருக்கும் எங்கள் பெரிமா (பெரியம்மாவை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்), எதிரே இரண்டு படுக்கையறைக்குள் ஏழு பேராக இருப்பவர்களைவிட அதிகம் கட்டுகிறார். அவர் கோபத்தில் நியாயம் இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. எதிர்வீட்டுக்காரர்களும் வேண்டுமென்று செய்யவில்லை, ஏழு பேர் குளிக்கத்தானே வேண்டும்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், அதுவும் இந்திய வம்சாவளியினர் நிறைந்த சாட்ஸ்வொர்த் பக்கம், இப்படி எத்தனையோ குடியிருப்பு இருக்கிறது. அடுத்த பொதுக்கூட்டத்தில் இதற்கு ஒரு முடிவு கட்ட வேண்டும் என்று தீர்மானம். நான் டிரஸ்டிகளில், அதாவது குடியிருப்பின் நிர்வாகக் குழுவில், ஒருத்தி. திறமையால் இல்லை, அன்றைக்கு வேறு யாரும் கை தூக்கவில்லை. மேசையில் நாலு யோசனை கிடக்கிறது. எல்லா வீட்டுக் கதவுக்கடியிலும் மாதம் ஒரு சீட்டு போடுவது, வீட்டுக்கு வீடு ப்ரீபெய்டு மீட்டர் வைப்பது, அதிகம் செலவழிப்பவர்களுக்கு அபராதம் போடுவது, இல்லையென்றால் கண்மாய்த் தண்ணீரைப் பிரித்துவிடும் நீர்க்கட்டியைப் போல ஆட்களை வைத்து நாமே பார்த்துக்கொள்வது. இதே தலைவலி உள்ளவர்கள் வேறு இடங்களிலும் இருப்பீர்கள், அதனால் நான் தேடியதையும் பார்த்ததையும் கூட்டத்துக்கு முன்னால் எழுதி வைக்கிறேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதைப் போகப்போகப் பார்த்துக்கொள்வீர்கள், ஒளிக்கப் போவதில்லை.

முதலில் சீட்டு. இதைச் சொன்னவர் பி பிளாக்கில் இருக்கும் கல்லூரி ஆசிரியர். இதற்கு ‘நட்ஜ்’ என்று பெயர், இடித்துச் சொல்லாமல் தொட்டுச் சொல்வது. ரிச்சர்ட் தேலர் என்ற பொருளாதார அறிஞருக்கு 2017-ல் நோபல் பரிசு கிடைத்ததே, அவர் பிரபலமாக்கிய கருத்து. தடை இல்லை, கட்டணம் இல்லை. தகவலை எப்படிக் காட்டுகிறோம், எது தானாகவே அமைந்திருக்கிறது என்பதை மட்டும் மாற்றினால் ஜனங்கள் நடந்துகொள்ளும் விதம் மாறும் என்பதுதான் சங்கதி. அமெரிக்காவில் ஆறு லட்சம் வீடுகளுக்கு ‘உங்கள் அக்கம்பக்கத்தார் இவ்வளவு மின்சாரம் செலவழிக்கிறார்கள், நீங்கள் இவ்வளவு’ என்று தபாலில் அனுப்பிப் பார்த்தார்கள், சராசரியாக 2% குறைந்தது.

நம் நாட்டிலேயே இதைவிடப் பொருத்தமான ஓர் ஆராய்ச்சி இருக்கிறது. கேப் டவுன் வறட்சி தலையெடுத்த 2015 கடைசியில், அங்கே சுமார் நாலு லட்சம் வீடுகளின் பில்லோடு விதவிதமான சீட்டுகளை வைத்து அனுப்பினார்கள். சிலருக்கு எவ்வளவு பணம் மிச்சமாகும் என்ற கணக்கு, சிலருக்கு அண்டைவீட்டு ஒப்பீடு, சிலருக்கு ‘சிக்கனமாக இருந்தால் உங்கள் பெயரை ஊரறியப் போடுவோம்’ என்ற வாக்கு. எந்தச் சீட்டு எவ்வளவு குறைத்தது தெரியுமா? 0.6 சதவீதத்திலிருந்து 1.3 சதவீதம் வரை. ஊருக்கு நல்லது, ஊர் பாராட்டும் என்று சொன்ன சீட்டுகள்தான் முன்னால் நின்றன, பணக்கணக்கு இல்லை. வசதியானவர்களைப் பேரும் பொதுநலமும் அசைத்ததாகவும், வசதி குறைந்த வீடுகளில் பணக்கணக்கும் சிக்கனக் குறிப்பும் எடுபட்டதாகவும் எழுதியிருக்கிறார்கள். யோசித்தால் இதில் ஆச்சரியம் இல்லை, கோயில் சுவரில் பெயர் எழுதுவதற்கு எவ்வளவு போட்டி என்று நமக்குத் தெரியாததா!

1.3% என்பது ஒரு பெரிய நகரத்துக்கு நல்ல சமாச்சாரம்தான். தாள் செலவைத் தவிர வேறு செலவில்லை, அதற்குக் கிடைப்பது ஓர் ஏரி நிறையத் தண்ணீர். ஆனால் எங்கள் 36 வீட்டுக்கு? நாங்கள் மாதம் ஏறக்குறைய 600 கிலோலிட்டர் செலவழித்து வந்தோம், அதில் 1.3% என்றால் எட்டு கிலோலிட்டர்கூட வராது. இன்னொரு சிக்கலை ஆசிரியர் யோசிக்கவே இல்லை. அண்டைவீட்டோடு ஒப்பிட்டுச் சீட்டுப் போட வேண்டும் என்றால் அண்டைவீட்டுக் கணக்கு கையில் இருக்க வேண்டாமா? ஒரே மீட்டரை வைத்துக்கொண்டு யாரை யாரோடு ஒப்பிடுவது? ‘தண்ணீரைச் சேமிப்போம்’ என்று பொதுவாக ஒரு தாளை ஒட்டலாம். அது ஏற்கெனவே மாடிப்படிக்குக் கீழே ஒட்டியிருக்கிறது, யாரோ அதன் ஓரத்தில் பிளம்பரின் போன் நம்பரைக் குறித்து வைத்திருக்கிறார்கள்.

ஒப்பிடுவதிலேயே ஒரு கண்ணியும் இருக்கிறது. கலிபோர்னியாவில் ஒரு சின்ன ஊரில் செய்த சோதனையில், சராசரிக்கு மேல் செலவழித்தவர்கள் குறைத்துக்கொண்டார்கள், சரி. சராசரிக்குக் கீழே இருந்தவர்களோ ‘ஓஹோ, நாம்தான் ஏமாளியா’ என்று கூட்டிக்கொண்டார்கள். சீட்டில் ஒரு சிரிக்கும் முகம் வரைந்து ‘நல்லது, இப்படியே இருங்கள்’ என்று காட்டிய பிறகுதான் அந்தக் கூட்டல் நின்றது. கேப் டவுனிலும் 2018 ஜனவரியில் வீட்டுக்கு வீடு பச்சைப் புள்ளி வைத்து ஒரு தண்ணீர் வரைபடம் வெளியிட்டார்கள், உங்கள் தெருவில் யார் அளவோடு இருக்கிறார்கள் என்று யாரும் பார்க்கலாம். புள்ளி விழாத வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை அது சொல்லவில்லை. பெரிமா ஒருத்திக்குப் பச்சைப் புள்ளி, ஏழு பேருக்கு வெறும் வீடு என்று எங்கள் நோட்டீஸ் போர்டில் போட்டால் மறுநாள் படிக்கட்டில் யாரும் யார் முகத்தையும் பார்க்க மாட்டார்கள்.

அப்புறம் ப்ரீபெய்டு மீட்டர். பெரும்பாலோர் மனசு இதில்தான் இருக்கிறது, பெரிமா மனசும்தான். ‘நான் செலவழிச்சதுக்கு நான் கட்டறேன், அவ்வளவுதானே’ என்கிறார். இதில் மறுப்பதற்கு ஒன்றும் இல்லை. விலை தெரிந்தால் கை சுருங்கும், இந்த நாட்டிலேயே பார்த்தோம். 2003 மே மாதம் கடைகளில் பிளாஸ்டிக் பைக்கு 46 சென்ட் வாங்கத் தொடங்கியதும் பை வாங்குவது தடாலென்று விழுந்தது. கதையின் பின்பாதியை யாரும் சொல்வதில்லை: கொஞ்ச நாளில் பையின் விலையைக் குறைத்தார்கள், ஜனங்களுக்கும் பழகிப்போயிற்று, பழையபடி ஏறத் தொடங்கிவிட்டது. இன்றைக்குக் கடையில் பை வேண்டுமா என்று கேட்டால் விலை என்ன என்று யாராவது யோசிக்கிறோமா?

மீட்டரின் செலவைப் பார்த்தால் இன்னும் யோசனையாக இருக்கிறது. எங்களுடையது பழைய கட்டடம். குளியலறைக்குத் தனிப் பைப்பு மேலே ஏறுகிறது, சமையலறைக்குத் தனி. அதனால் ஒரு வீட்டுக்கு ஒரு மீட்டர் போதாது, இரண்டு வேண்டும், சில வீடுகளுக்கு மூன்று. சுவரை உடைக்க வேண்டும், டைல்ஸ் போகும். அதற்கு மேல் மீட்டர் கம்பெனிகள் மாதாமாதம் சேவைக் கட்டணம் என்றோ கமிஷன் என்றோ எடுத்துக்கொள்ளும். கையெழுத்துப் போடும் முன் அந்த வரியைப் பூதக்கண்ணாடி வைத்துப் படியுங்கள், சேமித்த தண்ணீரின் காசு அங்கேதான் போகும்.

சட்டமும் இருக்கிறது. நம்மைப் போன்ற அடுக்குமாடிகளை நிர்வகிக்கும் சட்டத்தின் விதிகளின்படி, ப்ரீபெய்டு மீட்டர் வைக்கச் சிறப்புத் தீர்மானம் வேண்டும், முக்கால்வாசி ஓட்டு. செலவு விவரத்தோடு 60 நாள் முன்னதாக எல்லாருக்கும், வாடகைக்கு இருப்பவர்களுக்கும் சேர்த்து, நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அந்த மீட்டரால் யாருடைய அடிப்படைத் தண்ணீர் உரிமையும் கெடக்கூடாது என்பதும் அதே விதியில் இருக்கிறது. அது சும்மா எழுதிய வரி இல்லை. ஜோஹானஸ்பர்க்கை ஒட்டிய சொவேட்டோவில் ஃபிரி பகுதி மக்கள் ப்ரீபெய்டு தண்ணீர் மீட்டரை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். முதல் நீதிமன்றம் ஆளுக்கு நாளைக்கு 50 லிட்டர் இலவசமாகத் தர வேண்டும் என்றது, மேல்முறையீட்டில் 42 லிட்டர் ஆயிற்று, கடைசியில் 2009-ல் அரசியல் சாசன நீதிமன்றம் மீட்டர் வைத்ததும் சரி, வீட்டுக்கு மாதம் 6 கிலோலிட்டர் இலவசம் என்ற அளவும் நியாயம்தான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. சட்டப்படி முடிந்துவிட்டது. ஆனால் ராத்திரி பத்து மணிக்குக் குழந்தை வாந்தி எடுக்கும்போது மீட்டரில் காசு தீர்ந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி அந்தத் தீர்ப்போடு முடியவில்லை.

சாட்ஸ்வொர்த்தில் இதைப் பேசும்போது பழைய ஆட்கள் சட்டென்று மௌனமாகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். 2000-ஐ ஒட்டிய வருஷங்களில் இங்கே வாடகை அடுக்குவீடுகளில் பாக்கிக்காகத் தண்ணீரை வெட்டினார்கள், வீட்டைக் காலிசெய்ய ஆள் அனுப்பினார்கள், ஜனங்கள் திரண்டு நின்று மறித்தார்கள். தண்ணீர் வெட்டப்பட்ட ஒரு தாயின் வழக்கு டர்பன் உயர்நீதிமன்றம் வரை போனது. அந்த நினைவு இருக்கிற இடத்தில், ‘காசு போட்டால் தண்ணீர், இல்லையென்றால் இல்லை’ என்ற பெட்டியை நாமே நம் சுவரில் மாட்டிக்கொள்வது எனக்கு ஒப்பவில்லை. இது கணக்கு இல்லை, மனசு, ஒத்துக்கொள்கிறேன்.

அபராதத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். முதலில், யார் அதிகம் செலவழித்தார் என்று தெரியாமல் யாருக்கு அபராதம் போடுவது? கார் கழுவும்போது பிடித்தால் போடலாம் என்கிறார் சி பிளாக் அங்கிள், காரே இல்லாதவர். இஸ்ரேலில் ஹைஃபா ஊரில் குழந்தைகள் காப்பகங்களில் நடந்ததை அவருக்குச் சொன்னேன். பெற்றோர் தாமதமாக வருகிறார்கள் என்று சின்ன அபராதம் போட்டார்கள், தாமதம் குறையவில்லை, கூடிவிட்டது. அதுவரை டீச்சரைக் காக்க வைக்கிறோமே என்று கூச்சம் இருந்தது, அபராதம் வந்ததும் ‘காசு கட்டிவிட்டேனே’ என்று ஆகிவிட்டது. அபராதத்தை எடுத்த பிறகும் பழைய கூச்சம் திரும்பவில்லை. கூச்சத்தை விற்றால் திரும்ப வாங்க முடியாது போலிருக்கிறது. அங்கிள் கேட்டுவிட்டு, ‘அப்போ அபராதத்தைப் பெருசாப் போடணும்’ என்றார். விடுங்கள்.

இனி நான் மெனக்கெட்டது. இந்தக் கூட்டம் எல்லாம் வருவதற்கு முன்னால், போன ஜூலையில் ஒரு ராத்திரி நானும் ஏ பிளாக் தம்பியும் டார்ச்சை எடுத்துக்கொண்டு மீட்டர் குழிக்குப் போனோம். மணி ஒன்று. மூடியைத் தூக்கினால் உள்ளே இரண்டு தவளை, ஒரு சிப்ஸ் பாக்கெட், சேற்றுத் தண்ணீருக்கு மேலே மீட்டர். கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தோம். எல்லா வீட்டிலும் விளக்கு அணைந்திருக்கிறது, ஒரு குழாய்ச் சத்தம் இல்லை, ஆனால் மீட்டருக்குள் அந்தச் சின்னச் சிவப்புச் சக்கரம் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. எண்ணைக் குறித்துக்கொண்டு போய் டீ போட்டுக் குடித்தோம். மூன்று மணிக்குத் திரும்பி வந்து பார்த்தால் 480 லிட்டர் போயிருந்தது.

இரண்டு மணி நேரத்தில் 480, மணிக்கு 240. யாரோ ஒருவர் ஷிஃப்ட் முடிந்து வந்து குளித்திருக்கலாம், இரண்டு பேர் பாத்ரூம் போயிருக்கலாம், கழித்துக்கொள்ளுங்கள். அப்படியும் அது இருபத்துநாலு மணி நேரமும் ஓடுகிறது என்றால் மாதத்துக்கு 170 கிலோலிட்டர் பக்கம் வருகிறது. நாங்கள் கட்டும் பில்லில் நாலில் ஒரு பங்குக்கு மேல்! பெரிமா எதிர்வீட்டையும், எதிர்வீடு சி பிளாக்கையும், சி பிளாக் அங்கிள் ஊரையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தபோது, பெருந்திருடன் பூமிக்கடியில் இருந்திருக்கிறான்.

கண்டுபிடிப்பதற்குப் பெரிய சாமான் ஒன்றும் வேண்டாம். கேசரிக்குப் போடும் கலர்ப் பொடி இருக்கிறதே, அதில் ஒரு சிட்டிகையைக் கழிவறைத் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டுவிட்டு இருபது நிமிஷம் யாரும் தொடாமல் விட வேண்டும். கீழே பேசினில் ஆரஞ்சு இறங்கியிருந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் போய்விட்டது என்று அர்த்தம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடு வீடாகப் போய்ப் பொடி போட்டோம், குழந்தைகளுக்கு அன்றைக்கு அதைவிடப் பெரிய விளையாட்டு இல்லை. ஆளில்லாமல் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டிலும் இன்னொரு வீட்டிலும் பேசின் ஆரஞ்சாக இருந்தது. மிச்சம் எங்கே என்று தேடியபோது, தோட்ட வேலை செய்பவர் எப்போதும் பெருமையாகக் காட்டும் ஒரு பட்டை நினைவுக்கு வந்தது. டர்பனில் ஜூலை என்றால் மழை இல்லாத குளிர்காலம், புல் எல்லாம் பழுப்பாகக் கிடக்கும், பின்பக்கக் குழாய்க்குப் போகிற வழியில் மட்டும் ஒரு கோடு பச்சைப்பசேல் என்று நிற்கும். தோண்டினால் பைப்பில் விரிசல்.

மூன்றையும் சரிசெய்த பிறகு இன்னொரு ராத்திரி பார்த்தோம், மணிக்கு 70 லிட்டர். மாதத்துக்கு 120 கிலோலிட்டர் மிச்சம். ரப்பரும் பைப்புத் துண்டும் பிளம்பர் கூலியும்தான் செலவு. கேப் டவுன் சீட்டு எங்களுக்கு மிச்சம் பிடித்துக் கொடுத்திருக்கக்கூடியது மாதம் எட்டு கிலோலிட்டர், ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். இது எங்கள் வாசலில் மட்டும் நடக்கும் கூத்தும் இல்லை. 2023-ல் தண்ணீர்த் துறை வெளியிட்ட நாடு தழுவிய அறிக்கையின்படி நகராட்சிகளின் தண்ணீரில் 47.4% காசாகாமல் போகிறது, அதில் பெரும்பங்கு பைப்பிலிருந்து ஒழுகுவது. கேப் டவுன் 2018-ல் தன் தினசரிச் செலவைப் பாதிக்கும் கீழே கொண்டுவந்ததே, ஆளுக்கு 50 லிட்டர் என்ற கட்டுப்பாடு, ஏற்றிய கட்டணம், ‘ஏப்ரலில் குழாய் நின்றுவிடும்’ என்ற பயம், எல்லாம் வேலை செய்தன. கூடவே பைப்புகளில் அழுத்தத்தைக் குறைத்ததும் சத்தமில்லாமல் வேலை செய்தது. அழுத்தம் குறைந்தால் ஓட்டையிலிருந்து ஒழுகுவதும் குறையும், குளிப்பவரும் தெரியாமலே குறைவாகக் குளிப்பார். சாட்ஸ்வொர்த் முழுக்க மேடும் பள்ளமும், பள்ளத்தில் இருக்கும் எங்களுக்கு அழுத்தம் அதிகம். கேட்டருகே அழுத்தம் குறைக்கும் வால்வு ஒன்று வைப்பதை எந்த முடிவு எடுத்தாலும் கூடவே எடுக்க வேண்டும் என்பது என் கட்சி. பிளம்பரிடம் கேட்டுச் செய்யுங்கள், மேல்மாடி கீசருக்குத் தண்ணீர் ஏறாமல் போய்விடக்கூடாது.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வந்தது. ஒழுகல்தான் பிரச்சனை, அதைச் சரிசெய்தாயிற்று, பிறகு எதற்கு ஆள், கமிட்டி எல்லாம்? ரப்பர் இன்னும் இரண்டு வருஷத்தில் திரும்பப் போகும், அதனால்தான். யாராவது தொடர்ந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், பார்ப்பது யார் என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும். எல்லாரும் பார்ப்பார்கள் என்றால் ஒருவரும் பார்க்க மாட்டார்கள்.

நான் சிவகங்கைப் பக்கத்துக்காரி, கல்யாணமாகி இங்கே வந்து பத்தொன்பது வருஷம். எங்கள் ஊர்க் கண்மாயில் நீர்க்கட்டி என்று ஒருவர் இருப்பார். மடையைத் திறப்பது, மூடுவது, யார் வயலுக்கு எவ்வளவு நேரம் என்று பாய்ச்சுவது எல்லாம் அவர் வேலை. அவருக்குச் சம்பளம் என்று தனியாக இல்லை, அறுவடையில் ஒவ்வொரு வீடும் நெல் அளக்கும். தண்ணீர் குறைந்த வருஷம் அவர் சொன்னதுதான் கணக்கு. சொந்த வயலுக்கு முதலில் திருப்பினார் என்று பேச்சு வந்தால் அடுத்த வருஷம் அவர் இல்லை. இது ஏதோ நேற்று வந்த ஏற்பாடும் இல்லை, உத்திரமேரூர்க் கல்வெட்டில் முதலாம் பராந்தகன் காலத்திலேயே குடவோலையில் ஆறு பேரைத் தேர்ந்தெடுத்து ஏரி வாரியம் அமைத்திருக்கிறார்கள். எலினார் ஆஸ்ட்ரம் என்ற அம்மையார் உலகம் முழுக்க இப்படிப்பட்ட பொதுச் சொத்துகளை ஆராய்ந்து 2009-ல் நோபல் வாங்கினார். நன்றாக ஓடிய இடங்களில் அவர் பார்த்தவற்றில் மூன்று: விதியைப் பயன்படுத்துகிறவர்களே போடுகிறார்கள், கண்காணிப்பவரும் அவர்களில் ஒருவர், முதல் தப்புக்குச் சின்னச் சொல், போகப்போகத்தான் தண்டனை. சி பிளாக் அங்கிளின் பெரிய அபராதம் இந்த வரிசையில் கடைசியில் வருவது.

பழைய கதை, நாட்டுக் கதை என்று தள்ள வேண்டாம், கேப் டவுனிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அங்கே மாகாண அரசின் 24 மாடி அலுவலகக் கட்டடத்தில் மின்சாரத்துக்காக ஒரு பரீட்சை. சில தளங்களுக்குக் குறிப்பும், மற்றத் தளங்களோடு போட்டியும். அங்கே 9% குறைந்தது. வேறு சில தளங்களுக்கு அதே போட்டி, கூடவே தளத்துக்கு ஒருவரைப் பெயர் சொல்லிப் பொறுப்பாக்கினார்கள், அங்கே 14%. கரண்ட் பில் அந்த ஊழியர்கள் யாருடைய பாக்கெட்டிலிருந்தும் போவதில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தாளில் இருக்கும் நட்ஜ் ஆளாகி வந்ததும் கூடுதலாக ஐந்து சதவீதம். எனக்கு இந்த ஒரு முடிவு, மீதி எல்லா ஆராய்ச்சியையும்விட எங்கள் குடியிருப்புக்குப் பொருத்தமாகப் படுகிறது, ஏனென்றால் இங்கேயும் ஒப்பிட வேண்டியது வீட்டை வீட்டோடு இல்லை, பிளாக்கைப் பிளாக்கோடு.

அதனால் நான் கூட்டத்தில் வைக்கப் போவது இதுதான். வீட்டுக்கு இரண்டாக எழுபது எண்பது மீட்டர் வேண்டாம், பிளாக்குக்கு ஒன்றாக மூன்று மீட்டர் போதும். பிளாக்குக்குப் போகும் பைப்பு வெளியே தரையில்தான் இருக்கிறது, எந்தச் சுவரையும் உடைக்க வேண்டாம். இது அளப்பதற்கு மட்டும், அடைப்பதற்கு இல்லை. பிளாக்குக்கு ஒரு நீர்க்கட்டி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறும், வாடகைக்கு இருப்பவரும் வரலாம். மாதம் ஒரு ராத்திரி ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் எண்ணைப் பார்ப்பது அவர் பொறுப்பு. போர்டில் பிளாக் கணக்கு, ஆளுக்கு இத்தனை லிட்டர் என்று, வீட்டுப் பெயர் இல்லாமல், ஆங்கிலத்திலும் ஜூலுவிலும், நான் எழுதுவதால் ஓரத்தில் தமிழிலும். எங்கே குறைகிறதோ அங்கே ஒரு சிரிக்கும் முகம், ஆசிரியருக்கும் சந்தோஷம்.

பெரிமாவின் நியாயம் அப்படியே நிற்கிறது, தெரியும். பிளாக் மீட்டரால் அவருடைய லெவி எதிர்வீட்டைவிடக் குறையாது. ஆறு மாதம் இப்படி ஓட்டிவிட்டு, மொத்த பில் எங்கே நிற்கிறது என்று பார்த்து, அப்போதும் வேண்டும் என்றால் வீட்டு மீட்டர் வைக்கலாம், ஆனால் ப்ரீபெய்டு இல்லாமல், செலவழித்த பிறகு கட்டுவதாக. ஒழுகிக்கொண்டிருந்தபோது மீட்டர் வைத்திருந்தால் அந்த விரிசல் தண்ணீரின் காசு எந்த மீட்டரிலும் விழாமல் திரும்ப லெவியிலேயே வந்து நின்றிருக்கும் என்று சொன்னேன், கொஞ்சம் இறங்கி வந்தார்.

இதெல்லாம் எடுபடுமா, ஜனங்கள் பழக்கத்தை மாற்றுவார்களா என்று கேட்பவர்கள் இரண்டு விஷயத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். ஒன்று, 2022 ஏப்ரல் வெள்ளம். டர்பனுக்கு வடக்கே டொங்காட் பக்கம் மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் இல்லை, எங்கள் பக்கம் ஒன்பது நாள். லாரி வரும், 25 லிட்டர் கேனைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏற வேண்டும். அந்த ஒன்பது நாளும் அரிசி களைந்த தண்ணீர் எங்கே போகிறது, துணி அலசிய தண்ணீர் எங்கே போகிறது என்று ஐந்து வயசுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். பத்தாம் நாள் குழாய் வந்ததும் எல்லாரும் சேர்ந்து துணி துவைத்தோம் என்பது வேறு விஷயம். இன்னொன்று, புரட்டாசி. 1860-ல் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்து இறங்கியவர்களின் பேரன் பேத்திகள், வாயில் தமிழ் தேய்ந்துபோனவர்கள்கூட, அந்த மாதம் கறி மீனைத் தொட மாட்டார்கள், பாத்திரம் பண்டம் எல்லாம் தேய்த்துக் கழுவித் தனியாக வைப்பார்கள். யார் அபராதம் போட்டார்கள்? யார் மீட்டர் வைத்தார்கள்? அக்கம்பக்கம் எல்லாம் இருக்கிறது, நாமும் இருக்கிறோம். (அந்தக் கழுவலில் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று கேட்காதீர்கள், போன அக்டோபர் பில் என்னிடம் இருக்கிறது.)

போன வாரம் மாடிப்படியில் பெரிமாவிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுக் கதவும் திறந்துதான் இருந்தது, கேட்டிருப்பார்கள். பெரிமா, ‘ராத்திரி ஒரு மணி என்னால ஆகாது. நாலு மணிக்கு எழுந்து விளக்கேத்தறவ நான், வேணும்னா அப்போ பாக்கறேன். ஆனா அந்த மூடியை யார் தூக்குறது?’ என்றார். உள்ளேயிருந்து எதிர்வீட்டு மூத்த பையன் தலையை நீட்டி, தான் அதிகாலை ஷிஃப்டுக்கு நாலே காலுக்குக் கிளம்புவதாகவும் போகிற வழியில் தூக்கிக் கொடுப்பதாகவும் சொன்னான். ஒரு மணி, மூன்று மணி என்பதை நாலு, நாலரை என்று மாற்றினால் கணக்குக் கெடுமா என்று யோசித்தேன். ஷிஃப்டுக்குக் கிளம்புகிறவர்கள் குளிக்கும் நேரம், கெடத்தான் செய்யும். பி பிளாக்குக்கு மட்டும் மூன்றே முக்காலிலிருந்து நாலே கால் வரை என்று எழுதிக்கொண்டேன். பெரிமாவுக்கு ஒரு நல்ல டார்ச் வாங்க வேண்டும்.